ஆபீஸில் ஆக்சஸ் பாயிண்ட் வைப்பது எப்படி: மதுரைக் கட்டடங்களுக்கு ஒரு வழிகாட்டி

"உள் ரூமுக்குப் போனா நெட் எடுக்கல தம்பி." மதுரையில் ஆபீஸ் வைஃபை வேலைக்குக் கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். கூப்பிடுவதற்கு முன்பே ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டர் ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்துப் பார்த்திருப்பார்கள். போனில் கோடு கூடுதலாகத் தெரியும், ஆனால் வேலை நடக்காது. ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது, போன் பேசுவதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். திருவிழாவில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் நாலு தெருவுக்குக் கேட்கும். நாலு தெரு தள்ளி நின்று நாம் பேசினால் மேடைக்குக் கேட்குமா? அந்த ஆபீஸுக்குத் தேவை உள்ளறை வரை ஒரு கேபிளும், அதன் முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்டும்தான்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கும், "நெட்டையும் நீயே பார்த்துக்கோப்பா" என்று பொறுப்பு வந்து சேர்ந்த ஆபீஸ் ஊழியர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்த வேலையில் முக்கால்வாசி, இடம் பார்ப்பதும் கேபிள் இழுப்பதும்தான். செட்டிங்ஸ் பக்கத்தில் உட்காரும் வேலை கால்வாசி. முதல் இரண்டும் சரியாக அமையாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும் பலன் இருக்காது.

ரவுட்டர் வேறு, ஆக்சஸ் பாயிண்ட் வேறு

ஃபைபர் லைன் கொடுப்பவர்கள் வைத்துவிட்டுப் போகும் பெட்டி பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே பல வேலைகள் நடக்கின்றன. ஃபைபரில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுகிறது. ஆபீஸில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. இதைத்தான் டிஹெச்சிபி என்கிறோம். எல்லாக் கருவிகளையும் ஒரே வெளி முகவரியின் வழியாக இணையத்துக்கு அனுப்புகிறது. கடைசியாக, கேபிளில் வருவதை ரேடியோ அலையாக்கி லேப்டாப்புக்கும் போனுக்கும் தருகிறது. ஆக்சஸ் பாயிண்ட் செய்வது இந்தக் கடைசி வேலையை மட்டும். முகவரி கொடுப்பதும் வெளியே வழிவிடுவதும் பழையபடி அந்த முதல் பெட்டியின் பொறுப்பிலேயே இருக்கும்.

ஒரு நெட்வொர்க்கில் முகவரி கொடுக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். கீழே இதை மறுபடியும் சொல்வேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

டிரில்லை எடுக்கும் முன் நோட்டை எடுங்கள்

ஆபீஸில் கேபிளில் ஓடும் ஒரு விண்டோஸ் மெஷினில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். டீஃபால்ட் கேட்வே என்ற இடத்தில் தெரிவதுதான் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பிரவுசரில் அதைத் திறந்து உள்ளே போய், டிஹெச்சிபி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை முகவரி கொடுக்கிறது என்று பாருங்கள். 2 முதல் 254 வரை என்று முழுவதையும் திறந்து விட்டிருந்தால், 100 முதல் 250 வரை என்று சுருக்கிவிடுங்கள். 100-க்குக் கீழே உள்ளதைப் பிரிண்டர், விரல்ரேகை அட்டெண்டன்ஸ் மெஷின், கேமரா ரெக்கார்டர், டேலி ஓடும் மெயின் மெஷின், நாம் வைக்கப்போகும் ஆக்சஸ் பாயிண்ட் போன்ற நிலையான கருவிகளுக்கு ஒதுக்கலாம். இவற்றில் எவற்றுக்கு ஏற்கெனவே கையால் முகவரி போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச்சையும், அதாவது எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் பெட்டியையும், பாருங்கள். காலி போர்ட் இருக்கிறதா, அது ஜிகாபிட் ஸ்விட்ச்சா, பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சா என்று தெரிய வேண்டும். லைனே 200 எம்பிபிஎஸ் வாங்கியிருக்கும் ஆபீஸில் நடுவே ஒரு பழைய ஸ்விட்ச் உட்கார்ந்து பாதியைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

இடம் பார்ப்பது

மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் உள்ள ஆபீஸ்களில் பல, பழைய வீடுகளில்தான் நடக்கின்றன. தெருப்பக்கம் குறுகலாக இருக்கும், உள்ளே போகப்போக நீளும். முன்னறை, ஹால், முற்றம், பின்கட்டு என்று வரிசையாக வரும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள் ஒவ்வொன்றும் சிக்னலைத் தின்றுவிடும், அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் (வைஃபை ஓடும் அலைவரிசைகளில் வேகமானது, மற்றது 2.4) இரண்டு சுவருக்கு மேல் தாங்காது. இந்த வீடுகளில் நமக்குச் சாதகமாக இருப்பவை இரண்டு. ஒன்று முற்றம்: அதைப் பார்த்த மாதிரி, கூரைக்கு அடியில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைத்தால் நாலு பக்க அறைகளுக்கும் கதவு, ஜன்னல் வழியாக சிக்னல் போகும். இன்னொன்று மரக்கட்டை போட்ட பழைய மச்சு: கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைவிட இதன் வழியாக சிக்னல் சுலபமாக மேலே ஏறும். அதனால் இப்படிப்பட்ட வீட்டில் முன்னறையில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று யோசிப்பதற்கு முன், ஹாலில் ஒன்றை வைத்து மாடிக்கும் சேர்த்து அளந்து பாருங்கள்.

அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் உள்ள புதிய கட்டடங்களில் உள்சுவர்கள் மெல்லியவை, கேபின்கள் கண்ணாடி. அங்கே தொல்லை ஃபால்ஸ் சீலிங்தான். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஆக்சஸ் பாயிண்டை அதற்கு மேலே ஒளித்து வைக்கச் சொல்வார்கள். மேலே ஏசி டக்ட், இரும்புச் சட்டம், மின் கேபிள் எல்லாம் இருக்கும், சூடும் தங்கும். சீலிங் ஓட்டுக்குக் கீழே, முகம் தரையைப் பார்க்கும்படி மாட்டுங்கள். சீலிங்கில் மாட்டுவதற்கென்று செய்த மாடல்கள் சிக்னலை நாலு பக்கமும் கீழ்நோக்கியும் பரப்பும்படி வடிவமைக்கப்பட்டவை. அதையே சுவரில் மாட்டினால் சிக்னலில் ஒரு பங்கு பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடும்.

கடை, மண்டிகளில் சரக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் பின்பூச்சு உலோகம் என்பதால் சிக்னல் பட்டுத் திரும்பும். கீழமாசி வீதி மண்டிகளில் பருப்பு, மிளகாய் மூட்டை அடுக்குகள். தானியத்தில் இருக்கும் ஈரப்பசை சிக்னலை உறிஞ்சும். காலியாக இருக்கும் நாளில் அளந்துவிட்டு வந்தால், லோடு இறங்கிய பிறகு பின்பக்க பில்லிங் மெஷின் நின்றுவிடும். "அண்ணாச்சி, மூட்டை எதுவரைக்கும் அடுக்குவீங்க?" என்று கேளுங்கள். கையைத் தூக்கிச் சுவரில் ஒரு உயரத்தைக் காட்டுவார். ஆக்சஸ் பாயிண்ட் அதற்கு மேலே இருக்க வேண்டும். ஸ்டீல் பீரோவுக்குப் பின்னாலோ, டிவிக்குப் பின்னாலோ, இரும்பு அலமாரிக்குள்ளேயோ வைப்பது எந்தக் கட்டடத்திலும் கூடாது.

கப்பலூர் சிட்கோ மாதிரியான இடங்களில் தகரக் கூரை ஷெட்கள். உள்ளறைகளில் வைக்கும் ஆக்சஸ் பாயிண்டுகளில் பலவற்றை 40 டிகிரி வெப்பம் வரை தாங்கும் என்றுதான் குறிப்பிட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் தகரத்தை ஒட்டி இருக்கும் சூடு அதைத் தாண்டிவிடும். கூரையிலிருந்து நன்றாக இறக்கித் தூணில் மாட்டுங்கள், அல்லது வெளிப்புறத்துக்கென்று செய்த மாடலாக வாங்குங்கள்.

சரி, எப்படி அளப்பது? ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போடுங்கள். சிக்னலை அது டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 என்றால் மிக நன்று, மைனஸ் 80 என்றால் இருந்தும் பயனில்லை. வீடியோ காலும் பில்லிங்கும் தடையில்லாமல் ஓட, ஆள் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும். மூன்று டிபி குறைந்தால் சிக்னல் பாதியாகிவிட்டது என்று பொருள். ஆணி அடிப்பதற்கு முன், ஆக்சஸ் பாயிண்டை நினைத்திருக்கும் இடத்தில் ஏணி மேல் வைத்து, தற்காலிகமாக ஒரு நீளக் கேபிளைக் கொடுத்து ஓடவிடுங்கள். கதவுகளைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து போனைப் பாருங்கள். நின்றுகொண்டு கையை உயர்த்திப் பார்த்தால் கிடைக்கும் எண் உண்மையான எண் ஆகாது. ஊழியர் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்.

கேபிள்

கேட் 6 கேபிள் வாங்குங்கள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்த கேபிளும் அதே பெட்டியில், அதே நிறத்தில், குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெட்டியில் சிசிஏ (CCA) என்று அச்சிட்டிருந்தால் அது இந்த வகை. அச்சில்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். உள்ளே ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள்: செம்பு நிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே அலுமினியம். நாலு தடவை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். சுருளைக் கையில் தூக்கினாலே எடை குறைவு தெரியும். ஆக்சஸ் பாயிண்டுக்கு மின்சாரமும் இதே கேபிளில் போகப்போகிறது. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம் என்பதால் கேபிள் சூடாகும், முனையில் வோல்டேஜ் குறையும், கருவி தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். மிச்சம் பிடித்த காசு இரண்டாவது முறை கேபிள் இழுக்கும் கூலிக்குக்கூட ஆகாது.

ஸ்விட்ச்சிலிருந்து ஆக்சஸ் பாயிண்ட் வரை மொத்தம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஏறி இறங்கும் தூரத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். மின் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்காதீர்கள். பழைய வீடுகளில் மின் வயர் சுவரின் மேலேயே ஓடும், அதற்கு இணையாக ஒட்டி இழுக்காமல் தள்ளி இழுங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகக் கடந்துவிடுங்கள். மண்டியிலும் கோடவுனிலும் எலி இருக்கும். அங்கே கேசிங் பட்டி போதாது, பிவிசி பைப்புக்குள் விடுங்கள், பைப் வாயையும் அடைத்துவிடுங்கள். இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் கூடுதலாகச் சுற்றி விட்டால், பின்னால் இடம் மாற்றும்போது கைகொடுக்கும்.

கனெக்டர் போடும்போது நிற வரிசை இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் போடுவது பி வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். கனெக்டரின் கொக்கி கீழ்ப்பக்கமும், போர்ட்டுக்குள் போகும் முனை நம்மை விட்டு விலகியும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக இந்த வரிசை வரும். பச்சையும் நீலமும் இடம் மாறிப்போவதுதான் அடிக்கடி நடப்பது. ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள், அந்த முறுக்குதான் இரைச்சலைத் தடுக்கிறது. வெளித்தோலும் கனெக்டருக்குள் கொஞ்சம் போயிருக்க வேண்டும். கிரிம்ப் அடிக்கும்போது பின்பக்க நாக்கு தோலை அழுத்திப் பிடிக்கும். தோல் வெளியே நின்று எட்டுக் கம்பி மட்டும் உள்ளே போன கனெக்டர், யாராவது கேபிளை லேசாக இழுத்த அன்று கழன்றுவிடும்.

டெஸ்டரில் எட்டு லைட்டும் வரிசையாக எரிய வேண்டும். அதோடு விடாமல், ஒரு லேப்டாப்பைச் செருகி லிங்க் ஸ்பீட் பாருங்கள். 1000 என்று வர வேண்டும். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் தேவை. நீலம் அல்லது பிரவுன் ஜோடியில் கோளாறு இருந்தாலும் நெட் ஓடத்தான் செய்யும், ஆனால் 100-க்கு இறங்கி ஓடும். யாருக்கும் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் "வைஃபை ஸ்லோ" என்று பேர் வாங்கும்.

ஒரே காம்பவுண்டில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெட்டவெளியில் கேபிள் போக வேண்டுமென்றால் செம்பு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் அந்த ஒரு கேபிள் வழியாக இரண்டு பக்க ஸ்விட்ச்சும் போய்விடும். ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும், ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள்.

மின்சாரம்

சீலிங்கில் பிளக் பாயிண்ட் இருக்காது. பிஓஇ ஸ்விட்ச் அல்லது பிஓஇ இன்ஜெக்டர் வைத்தால் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகும். ஏஎஃப் (802.3af) என்ற தரம் ஒரு போர்ட்டில் 15.4 வாட் வரை கொடுக்கும், ஏடி (802.3at) என்ற தரம் 30 வாட் வரை. உங்கள் ஆக்சஸ் பாயிண்ட் எதைக் கேட்கிறது என்று அட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்கும். ஸ்விட்ச் மொத்தமாக எத்தனை வாட் கொடுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். எட்டு போர்ட் இருந்தாலும் எட்டுக்கும் முழு மின்சாரம் கொடுக்காத ஸ்விட்ச்கள் நிறைய. 24 வோல்ட் பேசிவ் இன்ஜெக்டர் என்று ஒரு வகை இருக்கிறது. அது எதிரே இருப்பது என்ன கருவி என்று கேட்காமலே மின்சாரத்தை அனுப்பும், அதனால் அதனுடன் வந்த கருவியைத் தவிர வேறெதிலும் செருகாதீர்கள்.

செட்டிங்: மாட்டுவதற்கு முன், மேஜையிலேயே

ஏணி மேல் நின்று ரீசெட் பட்டனைத் தேடும் நிலை வராமல் இருக்க, எல்லாவற்றையும் மேஜையில் முடித்துவிட்டு மாட்டுங்கள். பெட்டியில் உள்ள எம்ஏசி எண்ணை (கருவிக்கென்று உள்ள தனி எண்) போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட். அடுத்து, கூடவே வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. அப்புறம் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள், எந்த சேனல், எவ்வளவு பவர் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மோட் என்று கேட்டால் ஆக்சஸ் பாயிண்ட் மோட். முகவரியாக நாம் ஒதுக்கிய இடத்திலிருந்து ஒன்றைக் கொடுங்கள், உதாரணத்துக்கு 192.168.1.11, கேட்வே 192.168.1.1.

வைஃபை பெயரும் பாதுகாப்பும் அடுத்தது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற இரண்டு பாதுகாப்பு முறைகளும் கலந்த மோட் பெரும்பாலான ஆபீஸ்களுக்குச் சரியாக வரும். 2018-ல் வந்த டபிள்யூபிஏ3-ஐ மட்டும் வைத்தால் பழைய பிரிண்டரும் அட்டெண்டன்ஸ் மெஷினும் உள்ளே வராது. அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்தவை. அவற்றுக்கென்று டபிள்யூபிஏ2-வில் 2.4 மட்டும் கொண்ட தனிப் பெயர் ஒன்று வைத்துவிட்டால் தொல்லை தீரும். பாஸ்வேர்டு அடிக்காமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் பட்டன் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் ரகசிய எண்ணை (PIN) உடைக்கும் வழி 2011-லேயே வெளிவந்துவிட்டது. பெயர்களை மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள், ஒவ்வொரு பெயருக்கும் நொடிக்குப் பத்துத் தடவை அறிவிப்பு போய்க்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் வேறு யாரும் அந்த சேனலில் பேச முடியாது.

பழைய ரவுட்டரையே பயன்படுத்துவதென்றால்

சின்ன ஆபீஸில் இது நல்ல யோசனைதான், ஆனால் வரிசை தவறக்கூடாது. ஆபீஸ் நெட்வொர்க்கில் செருகாமல், பழைய ரவுட்டரையும் ஒரு லேப்டாப்பையும் மட்டும் கேபிளில் இணையுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு போடுங்கள். பிறகு அதன் லேன் முகவரியை 192.168.1.11 என்று மாற்றுங்கள். அது ரீஸ்டார்ட் ஆனதும் புதிய முகவரியில் மறுபடி உள்ளே போய், டிஹெச்சிபி சர்வரை அணையுங்கள். கடைசியாக, ஆபீஸ் ஸ்விட்ச்சிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். இன்டர்நெட் அல்லது வேன் என்று எழுதிய தனி நிறப் போர்ட் காலியாகவே இருக்கட்டும். யாரும் செருகாமலிருக்க அதன் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்ற வசதி இருக்கும் ரவுட்டர்களில் அதை ஆன் செய்தால், முகவரி கொடுக்கும் வேலையைப் பெரும்பாலும் ரவுட்டரே நிறுத்திக்கொள்ளும்.

டிஹெச்சிபியை அணைக்காமல் செருகினால் என்ன ஆகும்? காலையில் மெஷின்களை ஆன் செய்யும்போது எந்த ரவுட்டர் முந்திக்கொண்டு முகவரி கொடுத்ததோ, மெஷின் அதன் பக்கம் போய்விடும். நாலு மெஷினில் நெட் இருக்கும், மூன்றில் இருக்காது. நாளைக்கு வேறு மூன்று. நெட் இல்லாத மெஷினில் ஐபிகான்ஃபிக் அடித்துப் பாருங்கள். கேட்வே வேறாகக் காட்டினால் இரண்டாவது டிஹெச்சிபி எங்கேயோ ஓடுகிறது. முகவரி 169.254 என்று தொடங்கினால் யாரிடமிருந்தும் முகவரி கிடைக்கவில்லை, கேபிளையோ டிஹெச்சிபியையோ பார்க்க வேண்டும். ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகப்பட்டாலும் ஆபீஸ் மொத்தமும் நின்றுவிடும். எல்லா போர்ட் லைட்டும் ஒன்றுபோல வேகமாகத் துடித்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சேனலும் பவரும்

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். நடுவில் 3, 8 என்று போட்டால் இரண்டு பக்கத்தோடும் மோதும். மாசி வீதிகளில் கடைக்குக் கடை ரவுட்டர் இருப்பதால் இந்த மூன்றும் நிரம்பி வழியும். லேப்டாப்புகளையும் போன்களையும் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுவதே வழி. அதில் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை வையுங்கள். நடுவில் உள்ள 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. ஆன் ஆனதும் குறைந்தது ஒரு நிமிடம் கவனித்துக் கேட்ட பிறகுதான் பேசும், ரேடார் சத்தம் கேட்டால் உடனே இடம் மாறும். அதனால் கரண்ட் போய் வந்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் காணவில்லை என்று போன் வரும்.

இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் வைத்தால் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் வெவ்வேறாக இருக்கட்டும். பவரை முழுவதும் ஏற்றிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம், மீடியத்தில் வையுங்கள். ஒரு ஆக்சஸ் பாயிண்டை விட்டு அடுத்ததுக்குத் தாவுவது போன் எடுக்கும் முடிவு. முன்னறை சிக்னல் பின்கட்டிலும் கொஞ்சம் எட்டினால், போன் அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டு, தலைக்கு மேலே இருக்கும் நல்ல சிக்னலுக்கு வராது.

வருகிறவர்களுக்குத் தனி வைஃபை

வாடிக்கையாளர் கேட்டால் ஆபீஸ் பாஸ்வேர்டைக் கொடுப்பது நம் ஊர் உபசாரம். ஆனால் அந்த பாஸ்வேர்டோடு டேலி மெஷினும் கேமராவும் சேர்ந்தே திறந்துவிடுகின்றன. கெஸ்ட் என்று தனிப் பெயர் வைத்து, அவர்களுக்கு இணையம் மட்டும் போகும்படி செய்யுங்கள். ஸ்விட்ச்சும் ரவுட்டரும் விலேன் (ஒரே கேபிளில் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) தெரிந்தவையாக இருந்தால் கெஸ்ட்டைத் தனி விலேனில் போடுவதே உறுதியான முறை. சாதாரண ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் போட்டதும் கெஸ்ட் தடுப்பு வேலை செய்யாமல் போவதுண்டு. திரையில் ஆன் என்று காட்டுவதை நம்பாதீர்கள்: கெஸ்ட்டில் இணைந்த லேப்டாப்பிலிருந்து பிரிண்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள், திறந்தால் தடுப்பு இல்லை.

பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகப் போனது. ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்தான். லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் கேள்வி வரும் என்பதை ஆபீஸ் முதலாளியிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு

லேப்டாப்பில் ரவுட்டர் முகவரிக்கு பிங் (ping, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கமாண்ட்) ஓடவிட்டு, ஆபீஸ் முழுக்க நடங்கள். பதில் சில மில்லி செகண்டில் சீராக வந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது. அடுத்து, வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் முகவரியான 8.8.8.8-க்கு பிங் போடுங்கள். ரவுட்டர் வரை சீராகவும் இதில் மட்டும் இழுபறியாகவும் இருந்தால், கோளாறு லைனில். லைன் கொடுத்தவர்களைக் கூப்பிட வேண்டும். ரவுட்டருக்கே பதில் தாமதமாக வந்தால் வேலை நம்முடையது. இந்த ஒரு சோதனையைப் பழகிக்கொண்டால், "நெட் ஸ்லோ" என்று போன் வரும்போதெல்லாம் ஆக்சஸ் பாயிண்டைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்காது. அப்புறம் ஒரு வீடியோ காலில் பேசிக்கொண்டே முன்னறையிலிருந்து பின்கட்டு வரை நடந்து, தாவும் இடத்தில் பேச்சு அறுகிறதா என்று பாருங்கள்.

முகவரிகள், போர்ட் எண்கள், அட்மின் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கொடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டை நாமே வைத்துக்கொண்டு, நம்மைக் கூப்பிட்டால்தான் வேலை நடக்கும் என்று வைப்பது நல்ல தொழில் இல்லை. கேபிளின் இரண்டு முனையிலும் எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

ஃபைபர் மோடம், ரவுட்டர், பிஓஇ ஸ்விட்ச் மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் கரண்ட் போனதும் நெட் நின்றுவிடும். மின்வாரியம் மாதப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் நிறுத்தும் நாள் உங்கள் ஏரியாவுக்கு எது என்று பேப்பரில் வரும். அந்த நாளில் யூபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டு, அதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.